நிலைத்த வெப்பநிலையும் நீராவிப் பொறியும்

அடுக்களையில் அடுப்பின்மீது உலை ஏற்றப்பட்டிருக்கிறது. தண்ணீர் முதலில் வெதுவெதுப்பாகிறது. பின்னர் நன்கு சூடேறுகிறது. ஈற்றில் கொதிக்கத் தொடங்குகிறது. கொதி வந்த பின்னரும் அடுப்பினுள் விறகைத் தள்ளிக்கொண்டேயிருந்தால் நிகழ்வது யாது? தண்ணீர் முன்னிலும் ஆரவாரமாகப் பொங்கும். ஆவி மிகுதியாக எழும். ஆனால் தண்ணீரின் வெப்பநிலை மட்டும் ஏறாது. கடல்மட்டத்தை அண்டிய ஊர்களில் 100 பாகை செல்சியஸ் அளவிலேயே அது நின்றுவிடும். கைதேர்ந்த இல்லத்தரசி உலை கொதித்ததும் விறகை வெளியே இழுத்துவிடுகிறாள். சோறு அதனாற் பிந்தி வேகுவதில்லை என்பதை அவள் அறிவாள். அதற்குப் பௌதிகநூல் எதனையும் அவள் புரட்டவேண்டியதில்லை.

அப்படியாயின், கொதிக்கும் நீருக்கு அடுப்பு கொடுத்துக்கொண்டிருக்கும் வெப்பம் எங்கே போய் மறைகிறது? இந்த வினாவுக்கு 1760ஆம் ஆண்டையடுத்து விடை கண்டவர் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் யோசப் பிளாக். நீரை ஆவியாக்கும் தொழிலிலேயே அவ்வெப்பம் செலவாகின்றது என்றும், வெப்பமானியில் அது தோன்றுவதில்லை என்றும் அவர் காட்டினார். மறைவெப்பம் என்ற பெயர் அதற்கு வழங்கலாயிற்று. அதன் அளவும் வியப்புக்குரியது. ஒரு கிராம் தண்ணீரை உறைநிலையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர 100 கலோரி வேண்டும். கொதிக்கும் அந்த ஒரு கிராமை முழுவதும் ஆவியாக்க ஏறத்தாழ 540 கலோரி வேண்டும். அதே பல்கலைக்கழகத்திற் கருவிகள் செய்துகொண்டிருந்த ஜேம்ஸ் வாட், சிறிதளவு நீராவி பெருமளவு குளிர்நீரைச் சூடாக்கிவிடுவதைத் தாமே பரிசோதித்துக் கண்டு திகைத்தபோது, அதன் காரணத்தை அவருக்கு விளக்கியவர் பிளாக் ஆவார்.

வெப்பநிலை அசையாமல் நிற்க வெப்பம் மட்டும் உட்செல்லும், அல்லது வெளியேறும் இத்தகைய மாற்றத்தைச் சமவெப்பச் செயன்முறை என்பர். பார்வைக்குச் சாதாரணமான இச்செயன்முறைக்கு வெப்பப் பொறிகளின் அறிவியலில் அரியணை ஒன்று உண்டு. அதனை அவ்வரியணையில் ஏற்றியவர் பொறி ஒன்றையேனும் செய்து விற்றவர் அல்லர். அவர் பிரெஞ்சுப் படையின் பொறியியற் பிரிவைச் சேர்ந்த இளம் அதிகாரி. பெயர் சாடி கார்னோ.

சாடி கார்னோ 1796இல் பாரிஸ் நகரிற் பிறந்தார். பாரசீகக் கவிஞர் சாடியின் பெயரையே தந்தையார் மகனுக்குச் சூட்டினார். தந்தை லசார் கார்னோ எளிய மனிதர் அல்லர். பிரெஞ்சுப் புரட்சியின்போது நாட்டின் படைகளை ஒழுங்குபடுத்தி, "வெற்றியின் அமைப்பாளர்" என்று போற்றப்பட்டவர், கணித வல்லுநருமாவார். இயந்திரங்களைப் பற்றி 1783இல் அவர் வெளியிட்ட நூலில் நீர்ச்சக்கரம் குறித்து ஓர் உண்மை வற்புறுத்தப்பட்டிருந்தது. நீர் சக்கரத்தின்மீது மோதாமல் வந்து சேரவேண்டும். சக்கரத்தை விட்டுப் போகும்போது வேகமில்லாமற் போகவேண்டும். மோதலில் வீணாவது மீண்டும் வேலையாகக் கிடைப்பதில்லை. தந்தையின் இக்கருத்து மகனுடைய உள்ளத்தில் எவ்வளவு ஆழமாகப் பதிந்திருந்தது என்பதைப் பின்னர் நிகழ்ந்தவை காட்டுகின்றன.

நெப்போலியன் வீழ்ந்தபின் லசார் நாடு கடத்தப்பட்டு, 1823இல் ஜெர்மனியின் மாக்டபேர்க் நகரிற் காலமானார். மகனோ அரைச் சம்பளத்தில் பாரிஸ் நகரில் ஒதுங்கி வாழ்ந்து, நீராவிப் பொறியைப் பற்றிச் சிந்தித்துக்கொண்டிருந்தார். அக்காலத்தில் இங்கிலாந்தின் சுரங்கங்களில் நீர் இறைத்ததும் அதன் ஆலைகளை ஓட்டியதும் நீராவியே. பொறியைத் திருத்தியவர்களெல்லாம் தம் கைப்பழக்கத்தையும் கூரிய புத்தியையும் துணையாகக் கொண்டு திருத்தினார்கள். ஆனால் அத்திருத்தத்துக்கு எல்லை ஒன்று உண்டா? ஒரு வண்டி நிலக்கரியிலிருந்து இவ்வளவு வேலைதான் பெறலாம், அதற்குமேல் எவராலும் பெற இயலாது என்று சொல்ல முடியுமா? நீராவிக்குப் பதிலாகக் காற்றையோ மதுசாரத்தின் ஆவியையோ பயன்படுத்தினால் ஆதாயம் உண்டா? இவ்வினாக்களை ஒருவரும் ஒழுங்காக எழுப்பியிருக்கவில்லை. இருபத்தெட்டு வயதில், 1824ஆம் ஆண்டில், தம் சொந்தச் செலவில் அச்சிட்ட ஒரு சிறு நூலில் கார்னோ அவற்றை எழுப்பி விடையும் கூறினார். நெருப்பின் இயக்குவலுவைப் பற்றிய சிந்தனைகள் என்பது அந்நூலின் பெயர்.

அவர் கண்ட வழி இது. உயரத்திலிருந்து தாழ்ந்த இடத்துக்கு விழும் நீர் சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதுபோல வெப்பமும் சூடான பொருளிலிருந்து குளிர்ந்த பொருளுக்கு இறங்கும்போது பொறியை இயக்குகிறது. அருவியின் நீர் சக்கரத்தைத் தொடாமலே பாறையில் விழுந்துவிட்டால் அந்த வீழ்ச்சி வீண். வெப்பமும் அவ்வாறே. சூடான இரும்பைக் குளிர்ந்த இரும்புடன் சேர்த்து வைத்தால் வெப்பம் தானாகவே பாய்ந்து இரண்டும் ஒரே சூட்டை அடைகின்றன. வேலை எதுவும் நடைபெறுவதில்லை. நடைபெற்றிருக்கக்கூடிய வேலையும் இனி இல்லை. ஆகவே ஒரு குறையும் இல்லாத பொறியிலே வேறுபட்ட வெப்பநிலையுள்ள இரண்டு பொருள்கள் ஒன்றையொன்று தொடுதல் கூடாது. தந்தை நீர்ச்சக்கரத்திலிருந்து விலக்கிய மோதலை மகன் வெப்பத்தின் உலகிலிருந்து விலக்கினார்.

இந்த இடத்திலே கேட்பவருக்கு ஓர் ஐயம் எழுதல் இயல்பு. நெருப்பும் பொறியினுள்ளிருக்கும் காற்றும் ஒரே வெப்பநிலையில் இருந்தால் நெருப்பிலிருந்து காற்றுக்கு வெப்பம் எப்படி வரும்? துவிச்சக்கர வண்டிக்குக் காற்றடித்தவர் எவரும் இதற்கான விடையின் ஒரு பாதியைக் கையாலே தொட்டிருப்பர். பம்பினுள்ளே காற்று அழுத்தப்படும்போது பம்பின் அடிப்பாகம் சுடுகிறது. மறுபாதி இதற்கு எதிரானது. அழுத்தப்பட்ட காற்றை விரியவிட்டால் அது குளிர்கிறது. ஓர் உருளையினுள், பிஸ்டன் எனப்படும் முசலத்தின் கீழே, காற்று அடைக்கப்பட்டிருப்பதாகக் கொள்வோம். உருளையின் அடி நெருப்பைத் தொட்டுக்கொண்டிருக்க, முசலம் மெல்ல மேலே எழுகிறது. விரிதலாற் காற்று மயிரிழையளவு குளிர முனையும்போதே நெருப்பிலிருந்து வெப்பம் உள்ளே வந்து அக்குறையை நிரப்பிவிடுகிறது. வெப்பநிலை அசைவதில்லை, உட்புகுந்த வெப்பமோ முசலத்தைத் தள்ளும் வேலையாக வெளிப்படுகிறது.

கார்னோவின் வட்டத்திலே முதற்படி இதுவாகும். இரண்டாம் படியில் உருளையை நெருப்பிலிருந்து விலக்கி, வெப்பம் உள்ளே வராமலும் வெளியே போகாமலும் காத்து, காற்றை மேலும் விரியவிடவேண்டும். அது குளிர்ந்த பொருளின் வெப்பநிலைக்குத் தானாகவே இறங்குகிறது. மூன்றாம் படியில் உருளை குளிர்ந்த பொருளைத் தொட, முசலம் மெல்லக் கீழிறங்குகிறது. அழுத்தத்தால் எழும் வெப்பமெல்லாம் குளிர்ந்த பொருளுக்குப் போக, வெப்பநிலை மறுபடியும் நிலைத்து நிற்கிறது. கடைசியில் மீண்டும் வெப்பத்தை அடைத்து அழுத்த, காற்று தொடக்கத்துச் சூட்டை எய்துகிறது. வெப்பம் வாங்குவது ஒரே வெப்பநிலையில். கொடுப்பதும் ஒரே வெப்பநிலையில். இடைப்பட்ட ஏற்றமும் இறக்கமும் வெப்பத்தின் கொடுக்கல் வாங்கல் இன்றியே நிகழ்கின்றன.

இதனால் கார்னோ அடைந்த முடிவு, பொறியின் உச்சப்பயன் இரண்டு வெப்பநிலைகளை மட்டுமே பொறுத்தது. காற்றா, நீராவியா, மதுசார ஆவியா என்பதைப் பொறுத்ததன்று என்பதே. பின்வந்தோர் அதனை எளிய கணக்காக அமைத்தனர். செல்சியஸ் அளவுடன் 273ஐக் கூட்டினால் தனிவெப்பநிலை கிடைக்கும். மேல் வெப்பநிலை 100 பாகையும் கீழ் வெப்பநிலை 30 பாகையுமாயின், தனியளவில் அவை 373உம் 303உம் ஆகும். வித்தியாசமாகிய 70ஐ 373ஆல் வகுத்தால், நூறு பங்கு வெப்பத்தில் ஏறத்தாழ 19 பங்கு வேலையாகலாம் என்பது புலனாகும். மிகுதி 81 பங்கு கீழே போய்ச் சேர்ந்தேயாகவேண்டும். எவ்வளவு வல்லவனாகிய பொறியியலாளனும் இதனை மாற்றமுடியாது.

நிலைத்த வெப்பநிலையின் மதிப்பு இந்தக் கணக்கிலேதான் தெளிவாகத் தெரிகிறது. 100 பாகையில் உட்புகும் வெப்பம் நூற்றுக்கு 19 பங்கு வேலை தரக்கூடியது. அதே அளவு வெப்பம் தண்ணீர் 65 பாகையில் நிற்கும்போது உட்புகுந்தால், அதிலிருந்து கிடைக்கக்கூடியது 10 பங்கு மாத்திரமே. 31 பாகையில் உட்புகுந்த வெப்பத்திலிருந்து கிடைப்பதைச் சொல்லவே வேண்டுவதில்லை. தண்ணீரை 30 பாகையிலிருந்து படிப்படியாகச் சூடாக்கும்போது உட்செல்லும் வெப்பத்தின் பெரும்பகுதி உச்சிக்கு வராமலே வழியில் நின்றுவிடுகிறது. மலையுச்சியிற் பெய்த மழைக்கும் சரிவின் இடையிலும் அடியிலும் பெய்த மழைக்கும் உள்ள வேறுபாடு இது. மழை முழுவதும் உச்சியிலேயே பெய்யவேண்டுமென்றால், வெப்பம் முழுவதும் மேல் வெப்பநிலையிலேயே வாங்கப்படவேண்டும்.

இவ்வளவு அரிய நூலைப் பாரிஸ் நகரம் ஏறக்குறையக் கவனிக்கவேயில்லை. எட்டு ஆண்டுகளின் பின், 1832 ஓகஸ்ட் மாதத்தில், வாந்திபேதி கார்னோவைக் கொண்டுசென்றது. அப்போது அவருக்கு வயது முப்பத்தாறு. நோய்த்தொற்றுக்கு அஞ்சி அவருடைய உடைமைகளிலும் கையெழுத்துக்களிலும் பெரும்பகுதி அழிக்கப்பட்டது. 1834இல் கிளாப்பேரோன் என்னும் பிரெஞ்சுப் பொறியியலாளர் அக்கருத்துக்களை வரைபடமாகத் தீட்டி ஒரு கட்டுரை வெளியிட்டார். அக்கட்டுரையைப் படித்த இளைஞர் வில்லியம் தொம்சன் 1845இல் பாரிஸ் நகருக்குச் சென்றிருந்தபோது மூலநூலைத் தேடிப் புத்தகக் கடை கடையாக ஏறி இறங்கினார். கடைக்காரர்கள் சாடியின் தம்பி இப்போலித் எழுதிய நூல்களை எடுத்துக் காட்டினார்களேயன்றி, சாடியின் நூலை அறிந்திருக்கவில்லை. பிற்காலத்திற் கெல்வின் பிரபு என்று உலகப்புகழ் பெற்ற தொம்சன் இவரே. கார்னோவின் வட்டத்தை அடிப்படையாகக் கொண்டே 1848இல் தனிவெப்பநிலை அளவையை அவர் வகுத்தார்.

வெப்பம் அழியாத ஒரு பாயம் என்ற அக்காலக் கொள்கையைக் கார்னோவின் நூல் ஏற்றிருந்தது. அது பிழையான கொள்கை. ஆயினும் தீயிலிருந்து தப்பிய சில தாள்களைத் தம்பி இப்போலித் 1878இல் வெளியிட்டபோது ஒரு செய்தி வெளிப்பட்டது. கார்னோ அக்கொள்கையைத் தாமே கைவிட்டு, வெப்பமும் வேலையும் ஒன்றாக மற்றொன்று மாறுவன என்று கண்டு, அம்மாற்றத்தின் அளவையும் மதிப்பிட்டிருந்தார். அழிந்த தாள்களில் இன்னும் என்னென்ன இருந்தனவோ!

கார்னோவின் இலட்சியப் பொறிக்கு ஒரு பெருங்குறை உண்டு. அது அவருடைய தவறன்று, இயற்கையின் விதி. நெருப்புக்கும் காற்றுக்கும் வெப்பநிலை வேறுபாடு ஏறக்குறைய இல்லாதபோது வெப்பம் சொட்டுச்சொட்டாகவே வரும். ஆகவே முசலம் நத்தையிலும் மெதுவாக நகரவேண்டும். எரிபொருளை முற்றிலும் வீணாக்காத பொறி, வண்டியை இழுக்கவோ ஆலையை ஓட்டவோ மாட்டாது! வேகம் வேண்டுமென்றால் வெப்பநிலை வேறுபாட்டை அனுமதிக்கவேண்டும். அனுமதித்தால் பயனில் ஒரு பகுதியை இழக்கவேண்டும். இந்த இழப்பைக் கணக்கிடும் முறையை 1957இல் பிரான்சில் சம்படாலும் சோவியத் நாட்டில் நோவிக்கோவும், பின்னர் 1975இல் கனடாவிலே கேர்சன், ஆல்போர்ன் என்னும் இருவரும் காட்டினர். தேம்ஸ் நதிக்கரையில் அந்நாளில் இயங்கிய மேற்குத் தரொக் அனல்மின் நிலையத்தை அவ்விருவரும் உதாரணமாகக் கொண்டனர். மேல் வெப்பநிலை 565 பாகை, கீழ் வெப்பநிலை 25 பாகை. கார்னோவின் கணக்குப்படி நூற்றுக்கு 64 பங்கு கிடைக்கலாம். மிகக் கூடிய வலுவைப் பெறுமாறு பொறியை விரைவாக ஓட்டினால் 40 பங்கு என்பது புதிய கணக்கு. நிலையத்தில் உண்மையாகவே கிடைத்தது 36 பங்கு.

காற்றைக்கொண்டு கார்னோவின் எல்லையை நெருங்க முயன்றவர் ஒருவரும் உண்டு. அவர் ஸ்கொத்லாந்து நாட்டுக் கிறித்தவ மதகுரு றொபேட் ஸ்ரேர்லிங். கார்னோவின் நூல் வெளிவருவதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்னரே, 1816இல், அவர் தமது காற்றுப் பொறிக்கு உரிமை பெற்றுவிட்டார். அப்பொறியிலே காற்று சூடான முனையில் விரிகிறது. குளிர்ந்த முனையில் அழுத்தப்படுகிறது. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போகும் வழியில் தன் சூட்டை ஒரு சிக்கனக் கருவியிடம் ஒப்படைத்துவிட்டு, திரும்பும்போது அதனைப் பெற்றுக்கொள்கிறது. ஏட்டளவில் இது கார்னோவின் பொறிக்குச் சமமானது. நடைமுறையிலோ உருளையின் இரும்புச் சுவரினூடாக வேண்டிய விரைவில் வெப்பம் காற்றை அடையவில்லை. மேலும் ஓயாத சூட்டை அக்கால வார்ப்பிரும்பு தாங்கவில்லை. டண்டி நகரத்து வார்ப்பாலை ஒன்றில் அவரும் அவர் தம்பி ஜேம்சும் 1843இல் இயக்கிய பெரிய பொறியின் சூடேறும் பகுதிகள் மீண்டும் மீண்டும் பழுதடைந்தன. 1847இல் அப்பொறி கைவிடப்பட்டது. நல்ல உருக்கு அந்நாளில் மலிவாகக் கிடைத்திருந்தால் கதை வேறாயிருக்கலாம். எண்பத்தேழு வயதுவரை வாழ்ந்த ஸ்ரேர்லிங், கார்னோவின் தாள்கள் அச்சேறிய அதே 1878இற் காலமானார்.

காற்று தோற்ற இடத்தில் நீராவி வென்றது. அதற்குக் காரணம் அடுக்களை உலையிலேயே இருக்கிறது. காற்றின் வெப்பநிலையை நிலைநிறுத்த, முசலத்தின் நகர்வையும் வெப்பத்தின் வரவையும் இம்மி பிசகாமற் பொருத்தவேண்டும். கொதிக்கும் நீருக்கு அந்தப் பாடு இல்லை. அமுக்கம் மாறாதிருந்தால் எவ்வளவு விரைவாக எரித்தாலும் நீர் தன் வெப்பநிலையைத் தானே காத்துக்கொள்ளும். ஒடுக்கியிலே நீராவி திரும்ப நீராகும்போதும் அவ்வாறே. கார்னோ கேட்ட இரண்டு சமவெப்பப் படிகளையும் இயற்கையே இலவசமாக வழங்குகிறது. கிளாஸ்கோ பேராசிரியர் றாங்கின் 1859இல் வெளியிட்ட நீராவிப்பொறிக் கைநூல் இக்கணக்குகளை ஒழுங்குபடுத்தியது. அனல்மின் நிலையங்களின் நீராவி வட்டம் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

ஆயினும் அந்த வட்டம் கார்னோவின் வட்டம் அன்று. நீரும் ஆவியும் கலந்த கலவையை அழுத்திச் சூடேற்றுதல் பொறிக்குப் பெருந்தொல்லை. எனவே ஆவி முழுவதையும் நீராக்கி, அந்நீரைப் பம்பினாற் கொதிகலத்துக்கு அனுப்புகிறார்கள். நீரைப் பம்புவது எளிது. ஆனால் குளிர்ந்த நீர் கொதிகலத்தை அடைந்து கொதிநிலைக்கு ஏறும்வரை வாங்கும் வெப்பமெல்லாம் சரிவிற் பெய்த மழையே. இதற்கு மாற்றாகச் சுழலியில் ஓடிக்கொண்டிருக்கும் நீராவியில் ஒரு பகுதியை இடையிடையே வடித்தெடுத்து, அதனைக்கொண்டு நீரைப் படிப்படியாகச் சூடாக்குகின்றனர். ஸ்ரேர்லிங்கின் சிக்கனக் கருவி வேறு உருவில் இங்கே மீண்டும் வந்துவிட்டது எனலாம்.

மேல் வெப்பநிலையை உயர்த்த அமுக்கத்தை உயர்த்தவேண்டும். வளிமண்டல அமுக்கத்தைப் போல் ஏறத்தாழ 15 மடங்கில் நீர் 200 பாகையிற் கொதிக்கிறது. ஆனால் அமுக்கம் ஏற ஏற மறைவெப்பம் குறைகிறது. 374 பாகையில், வளிமண்டலத்தைப் போல் 218 மடங்கு அமுக்கத்தில், அது அற்றேபோகிறது. அதற்கப்பால் கொதித்தல் என்பதே இல்லை. இன்றைய உயர்ந்த நிலையங்கள் அவ்வெல்லையையும் கடந்து 600 பாகையளவில் நீராவியை ஆள்கின்றன. அசையாத வெப்பநிலையை இழந்தாலும், உயர்ந்த சராசரி வெப்பநிலையை அவை ஈட்டிக்கொள்கின்றன.

கீழ்முனையில் இத்தகைய விளையாட்டுக்கு இடமில்லை. அங்கே ஆறும் கடலுமே எசமானர்கள். டென்மார்க்கின் வடபகுதியில் 1998இல் இயங்கத் தொடங்கிய நிலக்கரி மின்நிலையம் ஒன்று நூற்றுக்கு 47 பங்கை எட்டியதற்கு அந்நாட்டின் குளிர்ந்த கடல்நீரும் ஒரு காரணம். புத்தளத்தை அடுத்த நுரைச்சோலையில், 2011க்கும 2014க்கும் இடையில் மூன்று கட்டங்களாக இயங்கத் தொடங்கிய 900 மெகாவாட் நிலையமும் கடல்நீராலேயே தன் நீராவியை ஒடுக்குகிறது. ஆனால் அது வெப்பமண்டலக் கடல். 340 பாகையில் வெப்பம் வாங்கும் ஓர் இலட்சியப் பொறி 20 பாகையில் அதனைக் கழித்தால் நூற்றுக்கு 52 பங்கு வேலை தரும். 40 பாகையிற் கழித்தால் 49 பங்கே தரும். நூற்றுக்கு மூன்று பங்கு சிறிதென்று தோன்றலாம். ஆண்டு முழுவதும் எரியும் நிலக்கரியில் அது கப்பற்கணக்கில் வரும்.

அத்தகைய ஒடுக்கியினுள்ளே சுழலியை விட்டு வந்த நீராவி, வளிமண்டலத்தின் இருபதில் ஒரு பங்கு அமுக்கத்தில், 33 பாகையளவிலே குழாய்களின்மீது படிந்து நீராகிறது. குழாய்களின் உள்ளே கடல்நீர் ஓடிக்கொண்டிருக்கிறது. உலைமூடியின் அடியிற் கோக்கும் துளிகளைப் போலவே அங்கும் துளிகள் கோத்து விழுகின்றன; அவை விடுக்கும் மறைவெப்பம் முழுவதும், ஒரு பாகையும் ஏறாமல் இறங்காமல், கடலுக்குப் போய்ச் சேர்கிறது.